கங்கைச் சொம்பும் கடலின் கணக்கும்

போன மாதம் வைகைத் தண்ணீரின் உப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஆறு உப்பைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுகிறது, சரி. அது எந்த மலையில் கரைந்த உப்பு என்று கடலைப் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், இந்த விஷயத்தில் நான் ஒருமுறை தவறாகப் பேசி மாட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் மாமனாரைப் பற்றி இரண்டு வரி. 1987இல் அவர் காசி யாத்திரை போய்வந்தார். முறைப்படி ராமேஸ்வரத்து மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை ஜலம் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். எங்களுக்கென்று மூடி பற்றவைத்த ஒரு செப்புச் சொம்பும், தனியாக ஒரு பாட்டிலில் கொஞ்சம் கங்கைத் தண்ணீரும் தந்தார். நான் அப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை, நீங்கதான் தண்ணி பாக்கற ஆபீசுல இருக்கீங்களே. இதுல அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

வழக்கமாகச் செய்யும் சோதனைகள் எல்லாம் செய்தேன். கடினத்தன்மை, குளோரைடு, காரத்தன்மை. "ரொம்ப நல்ல தண்ணி மாமா. நம்ம போர் தண்ணிய விட உப்பு எவ்வளவோ கம்மி. கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருக்கு, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார். அந்த 'அவ்வளவுதானா' எனக்குப் பல வருஷம் உறுத்தியது. ஏனென்றால் அந்தத் தண்ணீரில் எங்கள் கூடத்துக் கருவிகள் பார்க்க முடியாத ஒன்று இருந்தது. அதைப் பற்றி அப்போது உலகத்தில் சில பேர் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் நம் நாட்டவர்களும் உண்டு.

ஆற்றின் உப்பை வைத்துக் கடலைக் கணக்குப் பார்ப்பது பழைய ஆசை. வால்நட்சத்திரத்துக்குப் பேர்போன எட்மண்ட் ஹாலி 1715இலேயே ஒரு யோசனை சொன்னார். கடலின் உப்பு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று அளந்தால் பூமியின் வயதைச் சொல்லிவிடலாம் என்றார். 1899இல் டப்ளினில் ஜான் ஜோலி என்ற பேராசிரியர் அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிட்டார். கடலில் உள்ள மொத்த சோடியத்தை, ஆறுகள் ஒரு வருஷத்தில் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தார். எட்டு முதல் ஒன்பது கோடி வருஷம் என்று விடை வந்தது.

பூமிக்கு வயது 454 கோடி என்று இன்று தெரியும். ஜோலி வகுத்ததில் பிழையில்லை. கடலை உண்டியல் என்று நினைத்ததுதான் பிழை. கடல் வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கிறது. சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்கிறது, உப்புப் படுகைகளாகப் படிகிறது, கடலடிப் பாறைக்குள் போகிறது. வரவு மட்டும் பார்த்துச் செலவு பார்க்காத கணக்கு அது. ஜோலிக்குக் கிடைத்தது பூமியின் வயதல்ல, ஒரு சோடியம் அணு கடலில் சராசரியாகத் தங்கும் காலம் போன்ற ஒன்று. அதுவும் பயனுள்ள எண்தான், அவர் கேட்ட கேள்விக்குத்தான் அது பதிலில்லை. (இந்த மாதிரிக் கணக்கை என் உத்தியோக காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு கேள்விக்குச் சரியான விடை.)

அடுத்து வந்தவர்கள் சோடியத்தை விட்டுவிட்டு ஸ்ட்ரான்சியத்தைப் பிடித்தார்கள். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானதுதான். தீபாவளிக்குச் சிவப்பு மத்தாப்பு கொளுத்துகிறோமே, அந்தச் சிவப்பு ஸ்ட்ரான்சியம் உப்பு எரிவதால் வருவது. ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரான்சியன் என்ற கிராமத்து ஈயச் சுரங்கத்தில் கிடைத்த கல்லிலிருந்து வந்த பெயர். சுண்ணாம்பில் இருக்கும் கால்சியத்துக்கு இது பங்காளி முறை, அது போகும் இடமெல்லாம் கொஞ்சம் இதுவும் போகும். கடல்நீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவில் இருக்கிறது. சிப்பியும் பவளமும் ஓடு கட்டும்போது கால்சியத்தோடு இதையும் சேர்த்துக் கட்டிவிடுகின்றன.

ஸ்ட்ரான்சியம் அணுக்கள் எல்லாம் ஒரே எடையில் இல்லை. நான்கு வகை உண்டு. ஐசோடோப்புகள் என்பார்கள். இவற்றில் நமக்கு இரண்டு போதும், 86 எடையுள்ளதும் 87 எடையுள்ளதும். 86 எப்போதும் இருந்த அளவே இருக்கும். 87 மட்டும் மெல்ல மெல்லக் கூடும். ரூபிடியம் என்ற தனிமத்தின் ஒரு வகை கதிர்வீச்சால் சிதைந்து 87 ஸ்ட்ரான்சியமாக மாறுவதே காரணம். மெல்ல என்றால் அப்படியொரு மெல்ல. இருக்கிற ரூபிடியத்தில் பாதி மாறுவதற்கு ஏறக்குறைய 4,900 கோடி வருஷம் ஆகும்.

ரூபிடியம் கிரானைட்டிலும் அப்பிரகத்திலும் அதிகம், எரிமலைக் கருங்கல்லான பசால்ட்டில் குறைவு, சுண்ணாம்புக் கல்லில் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே பழைய கிரானைட் மலையில் 87இன் பங்கு ஏறிப்போயிருக்கும், பசால்ட்டில் ஏறியிருக்காது. ஒவ்வொரு பாறைக்கும் இப்படி ஒரு முத்திரை. மழை அதைக் கரைக்கும்போது முத்திரையும் ஆற்றோடு வந்துவிடுகிறது.

எண்களைப் புரியும்படி சொல்கிறேன். 86 எடையுள்ள அணுக்கள் பத்தாயிரம் இருந்தால், அதற்கு 87 எத்தனை என்று பார்ப்போம். இன்றைய கடலில் 7,092. மெரினாவில் எடுத்தாலும் பெரு நாட்டுக் கரையில் எடுத்தாலும் இதே 7,092தான். கடல் தன்னைத்தானே ஒருமுறை கலக்கிக்கொள்ள ஆயிரத்துச் சொச்சம் வருஷம் போதும், ஸ்ட்ரான்சியமோ கடலில் இருபது லட்சம் வருஷத்துக்கு மேல் தங்குகிறது. நன்றாகக் கலக்கிய குழம்பில் எந்தக் கரண்டி எடுத்தாலும் ஒரே உப்புதானே.

1948இல் விக்மன் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி, கடலில் இந்த எண் காலப்போக்கில் ஒரே சீராக ஏறிக்கொண்டே வந்திருக்க வேண்டும், பழைய சுண்ணாம்புக் கல்லில் அதை அளந்தால் கல்லின் வயது தெரியும் என்றார். கருவிகள் வந்து அளந்தபோது அப்படி இல்லை. 1970இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் பீட்டர்மன் குழுவினர் பழைய சிப்பி ஓடுகளில் பார்த்தார்கள். எண் ஏறியும் இருக்கிறது, இறங்கியும் இருக்கிறது! 1982இல் மோபில் எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வாளர்கள், பர்க் என்பவர் தலைமையில், எழுநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகளை அளந்து ஐம்பது கோடி வருஷத்துக்கான கோட்டை வரைந்து காட்டினார்கள். ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், அதாவது சுமார் 16 கோடி வருஷத்துக்கு முன், 7,068 வரை இறங்கியிருந்தது. நாலு கோடி வருஷத்துக்கு முன் ஏறக்குறைய 7,078. அங்கிருந்து இன்றைய 7,092 வரை செங்குத்தாக ஏற்றம்.

பத்தாயிரத்துக்குப் பதினாலு அணு ஏறியதற்கா இத்தனை ஆரவாரம் என்று கேட்கலாம். உலகத்துக் கடல் முழுக்க ஏற வேண்டுமே. அதற்கு எத்தனை மலை கரைந்திருக்க வேண்டும்!

ஏற்றத்துக்குக் காரணம் தேட, கடலுக்குள் வரும் வழிகள் தெரிய வேண்டும். ஒரு வழி ஆறு. உலக ஆறுகளின் சராசரி 7,110, 7,120 என்ற அளவில். இன்னொரு வழி யாரும் கண்ணால் பார்த்திராமல் இருந்தது. 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் என்ற நீர்மூழ்கி வண்டியில் இறங்கியவர்கள், இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கடலடிப் பிளவுகளிலிருந்து வெந்நீர் ஊற்றெடுப்பதைப் பார்த்தார்கள். அந்த வெந்நீர் பசால்ட்டைக் கரைத்துக்கொண்டு வருகிறது, அதன் எண் சுமார் 7,035. ஆக, கடலின் 7,092 என்பது மேலிருந்து ஆறும் கீழிருந்து வெந்நீரும் இழுத்துப் பிடிக்கும் கயிறு.

அந்தக் கடல் பயணத்தில் பங்கு பெற்ற வேதியியலாளர்களில் ஜான் எட்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். கடலடி வெந்நீரைப் பார்த்து முடித்தவர் பிறகு ஆறுகளைத் தேடி அலைந்தார். அமேசான், ஒரினோகோ என்று படகில் போய்ப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்தார். எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். தண்ணீர்ப் பாட்டில் தூக்கிய ஜாதி என்பதால் இருக்கலாம்.

நாலு கோடி வருஷ ஏற்றத்துக்குக் கைகாட்டப்பட்டது இமயமலை. இந்திய நிலத்தட்டு ஆசியாவில் மோதியது சுமார் ஐந்து கோடி வருஷத்துக்கு முன். மலை எழுந்த காலமும் எண் ஏறிய காலமும் பொருந்துகின்றன. உலகத்து மற்ற ஆறுகள் 7,110 பக்கம் நிற்கும்போது கங்கையும் பிரம்மபுத்திராவும் 7,200ஐத் தாண்டுகின்றன. இமயத்தின் சில கிளை ஆறுகள் 7,500க்கும் மேலே. கடலுக்குப் போகும் மொத்த ஸ்ட்ரான்சியத்தில் இவற்றின் பங்கு சிறிதுதான், ஆனால் முத்திரை அவ்வளவு அழுத்தமானது. மாமா பாட்டிலில் கொண்டுவந்தது இந்தத் தண்ணீரைத்தான்.

இங்கிருந்து பேச்சு காற்றுக்குப் போனது. மழை நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி விழுகிறது. அது கிரானைட் போன்ற சிலிகேட் பாறையைக் கரைத்தால், வாயு பைகார்பனேட்டாக மாறி ஆற்றில் போகும். கடலில் ஓடு கட்டும் உயிர்கள் அதில் பாதியைச் சுண்ணாம்பாக அடியில் பூட்டிவிடும். மீதிப் பாதி காற்றுக்குத் திரும்பும். ஆக நிகரமாகக் காற்றில் வாயு குறைகிறது, பூமி குளிர்கிறது. 1988இலும் 1992இலும் மோரீன் ரேமோவும் வில்லியம் ரடிமனும் சகாக்களும் எழுதியது இதைத்தான். இமயமும் திபெத்தும் எழுந்தன, புதுப் பாறை மழையில் நனைந்து கரைந்தது, கரியமில வாயு குறைந்தது, கடைசியில் பனியுகம் வந்தது. அதற்குச் சாட்சிகளில் ஒன்றாக ஸ்ட்ரான்சியம் கோட்டைக் காட்டினார்கள். மலைகளுக்கும் பனியுகத்துக்கும் முடிச்சுப் போட்டது புதிதல்ல, சேம்பர்லின் என்ற அமெரிக்கர் 1899இலேயே போட்டிருந்தார். இப்போது சாட்சி கிடைத்ததாகப் பட்டது.

இந்தக் கட்டுரைகளின் சாரத்தை ஓர் அறிவியல் பத்திரிகையில் படித்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. 1998இல் எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிறு மாலை பேச அழைத்தார்கள். 'இமயம் பூமியைக் குளிர்வித்த கதை' என்று ஒன்றே கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, இமயத்துல சுண்ணாம்புக்கல்லும் நிறைய இருக்கே. கங்கையில வர்ற பைகார்பனேட் கிரானைட்டிலேர்ந்து வருதா, சுண்ணாம்புலேர்ந்து வருதா? எப்படிப் பிரிச்சீங்க?"

"ஸ்ட்ரான்சியம் எண்ணை வச்சுத்தான் சார். சுண்ணாம்புக்கு இவ்வளவு ஒசந்த எண் வராதே" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நேரமாகிவிட்டது என்று நானே கூட்டத்தை முடித்துவிட்டேன். மரியாதைக் குறைவு. ஆயிரக்கணக்கான முறை காரத்தன்மை டைட்ரேஷன் செய்தவன் நான். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும்போது பைகார்பனேட் எவ்வளவு என்று தெரியும், எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் தெரியாது. கேள்வியின் கனம் எனக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும்.

கேள்வி ஏன் கனமானது என்றால், சுண்ணாம்புக்கல் கரையும்போது காற்றிலிருந்து எடுக்கும் வாயுவைக் கடலில் மறுபடி சுண்ணாம்பு படியும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். நீண்ட காலக் கணக்கில் வரவும் செலவும் சமம். பூமி குளிராது. கங்கையின் பைகார்பனேட் சுண்ணாம்பிலிருந்து வந்தது என்றால் என் ஒன்றே கால் மணி நேரப் பேச்சு ஆட்டம் கண்டுவிடும்.

நான் பேசுவதற்குப் பல வருஷம் முன்பே அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இதற்கான வேலை நடந்திருந்தது. விக்ரம் சாராபாய் 1947இல் தொடங்கிய நிறுவனம். அங்கே எஸ். கிருஷ்ணசுவாமி, எம்.எம். சரின் முதலானோர் கங்கை, பிரம்மபுத்திராவின் நீரை மலையிலும் சமவெளியிலுமாக எடுத்து ஆராய்ந்து 1984இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உப்புகளில் பெரும்பங்கு சுண்ணாம்புப் பாறைகள் கரைவதால் வருகிறது என்று அவர்கள் கணக்கு காட்டியது. 1992இல் அதே குழு இந்த ஆறுகளின் ஸ்ட்ரான்சியத்தையும் ரூபிடியத்தையும் அளந்து, கடலின் ஏற்றத்துக்கு இவை எவ்வளவு கொடுத்திருக்கும் என்று எழுதியது. அதே வருஷம் எட்மண்டும் இமயத்தைப் பற்றி எழுதினார். இரண்டு தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரைந்த உப்பு சுண்ணாம்பு மலையின் சாயல், முத்திரை கிரானைட்டின் சாயல். ஒரே ஆற்றில் எப்படி?

விடை மலைக்குள் இருந்தது. மோதலில் இமயத்தின் அடியில் புதைந்து வெந்த சுண்ணாம்புப் பாறைகள், பக்கத்திலிருந்த அப்பிரகப் பாறைகளோடு ஸ்ட்ரான்சியத்தைப் பரிமாறிக்கொண்டிருக்கின்றன. சூட்டில் ஊறுகாய் ஜாடியில் மாங்காயும் மிளகாயும் ஒன்றின் சாறு ஒன்றில் இறங்குகிற மாதிரி. ஆகவே இங்கே சுண்ணாம்புக்கும் கிரானைட் முத்திரை. நேபாளத்து ஆறுகளில் ஜே குவேட் குழுவினர் 1997இல் இதைக் காட்டினார்கள். உலகத்தில் மற்ற இடங்களில் செல்லும் விதி இமயத்தில் செல்லவில்லை.

நான் பேசிய அதே 1998இல் ஜோயல் பிளம் என்பவரும் சகாக்களும் நங்க பர்பத் சிகரத்தடியில் ராய்க்கோட் ஓடையைப் பற்றி எழுதினார்கள். அங்கே சுற்றிலும் கிரானைட் வகைப் பாறைதான், அதற்குள் சுண்ணாம்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஆனால் ஓடை நீரின் பைகார்பனேட்டில் 82 சதவீதம் அந்த ஒரு சதவீதச் சுண்ணாம்பிலிருந்து வந்தது! சுண்ணாம்பு அவ்வளவு சுலபமாகக் கரையும். பனியாறு அரைத்துத் தள்ளிய புதுப் பாறையில் முதலில் போவது அதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு 2004. கட்டுரையின் நகலை எடுத்துக்கொண்டு அந்தப் பேராசிரியரைத் தேடிப் போனேன். வாசல் திண்ணையிலேயே உட்காரச் சொன்னார். முழுதும் படித்துவிட்டு, "சுண்ணாம்பு முத்திரை மாத்திப் போட்டுக்கும்னு எனக்கும் தெரியாது. நான் கேட்டது சும்மா ஒரு சந்தேகம்தான்" என்றார். பெரிய மனுஷர். காபி குடித்துவிட்டு வந்தேன்.

இப்படியானதால் இமயத்துக்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஸ்ட்ரான்சியம் கோடு ஏறியதில் இமயத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது நிற்கிறது. ஏறிய அளவுக்குக் காற்றில் வாயு குறைந்தது என்று அதை நேராகப் படிக்க முடியாது என்பதுதான் மாறியது. வாயு குறைய வேறு வழியும் இருக்கிறது. 1997இல் கிறிஸ்டியன் பிரான்ஸ்-லனோர், லூயிஸ் டெர்ரி இருவரும் வங்கக் கடலடியைக் காட்டினார்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் அரித்துக் கொட்டிய வண்டல் அங்கே தெற்கே சுமார் 3,000 கிலோமீட்டர் விசிறி போல் விரிந்து கிடக்கிறது. இலையும் சருகும் மண்ணின் மக்குமாக அந்த வண்டலோடு புதைந்த கரியின் அளவு, பாறை கரைந்து பூட்டிய கரியைவிட அதிகம் என்பது அவர்கள் கணக்கு. காடு தின்ற வாயு சேற்றோடு கடலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. 2015இல் ஒரு பன்னாட்டுத் துளைக் கப்பல் அந்த விசிறியில் குறுக்காக ஏழு இடங்களில் துளையிட்டு மண் எடுத்துவந்தது.

ஸ்ட்ரான்சியத்தின் சாட்சி ஆட்டம் கண்டதும் வேறு சாட்சிகளைத் தேடினார்கள். அதில் ஒன்று லித்தியம், இப்போது செல்போன் பேட்டரியில் இருக்கிறதே, அது. சுண்ணாம்பில் லித்தியம் மிகச் சொற்பம், அதனால் ஆற்றில் வருவது பெரும்பாலும் சிலிகேட் பாறையுடையது. 2012இல் சம்புத்த மிஸ்ராவும் பிலிப் ஃப்ரோலிக்கும் நுண்ணுயிர் ஓடுகளில் அளந்து, கடலின் லித்தியம் ஐசோடோப்பு விகிதம் ஆறு கோடி வருஷத்தில் ஆயிரத்துக்கு ஒன்பது பங்கு கனமான பக்கம் ஏறியிருக்கிறது என்றார்கள். அதே ஃப்ரோலிக்தான் 1988 கட்டுரையில் ரேமோவோடு இருந்தவர். தன் பழைய கேள்வியை வேறு அளவுகோலோடு திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார். லித்தியத்தின் ஏற்றத்தை எப்படிப் படிப்பது என்பதிலும் வாதம் உண்டு. பாறை அதிகம் கரைந்ததாலா, கரைந்த லித்தியம் களிமண்ணில் அதிகம் ஒட்டிக்கொண்டதாலா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மாமா 1995இல் காலமானார். அவருடைய பாட்டில் தண்ணீரை அன்றைக்கே சோதனையில் செலவழித்துவிட்டேன். பற்றவைத்த சொம்பு மட்டும் பூஜை அலமாரியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஆகையால் திறந்து பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. உள்ளே ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீர். அதில் ஒரு மில்லிகிராமில் சிறு பங்குதான் ஸ்ட்ரான்சியம், 7,200க்கு மேலான எண்ணோடு. அந்தப் பங்கு மட்டும் கடலுக்குப் போய்ச் சேரவில்லை.